சாயம் பழுப்பாகாது

பட்டறை பூட்டி அன்றோடு பதினொரு நாள். பாய்லரில் குழாய் வெடித்துவிட்டது. புதுக் குழாய் வரும்வரை தண்ணீர் காயாது. தண்ணீர் காயாமல் துணியில் சாயம் ஏறாது. சாயம் ஏறாத பட்டறையில் யாருக்கும் வேலை கிடையாது.

முதல் சில நாள் வீட்டுக்குள் வழக்கமான நிறங்கள் இருந்தன. சோப்புக் கட்டியில் சிவப்பு வரி, துண்டின் ஓரத்தில் நீலம், தலையணை உறையில் தலை வைத்த இடம் மட்டும் மஞ்சள். தலையணையைப் பார்த்தே பட்டறையில் என்ன நிறம் ஓடுகிறது என்று அண்ணி சொல்லிவிடுவாள். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. நகக்கண்கள் வெளுத்தன. காறித் துப்பினால் எச்சில் எச்சிலின் நிறத்தில் விழுந்தது. குளியலறைத் தரை தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டின் தரை சாம்பல் நிறம் என்று அண்ணிக்கே அப்போதுதான் தெரிந்தது.

அந்தத் தரையில்தான், தண்ணீர் இறங்கும் சல்லடை ஓரமாக, ஒரு நூல் கனத்துக்குச் சிவப்பைப் பார்த்தாள்.

அவளுக்கு வீட்டில் அண்ணி என்றுதான் பேர். கொழுந்தனும் நாத்தனாரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கட்டின புருஷனே "அண்ணி எங்க போனா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. புருஷன் சாயப்பட்டறையில் மாஸ்டர். அவர் தம்பி சின்னவரும் அதே பட்டறை. தங்கை அங்கே சாயப் பவுடர் எடை போடுகிறவள். உப்பு கேட்டால்கூட உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துத்தான் கொடுப்பாள் என்று பட்டறைக்காரர்கள் வைத்த பேர் தராசு. புருஷன் இறந்தபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். சின்னவருக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. "இந்தக் கையைப் பாத்துட்டு எவ கழுத்த நீட்டுவா?" என்று தன் நீல விரல்களைக் காட்டி அவரே சிரிப்பார்.

பட்டறை ஓடுகிற நாளாக இருந்தால் அந்தச் சிவப்பை அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். சாயக்காரர் வீட்டுக் குளியலறையில் சிவப்பு இல்லாமல் என்ன இருக்கும்? குளித்தால் சிவப்பு, மூக்கைச் சிந்தினால் சிவப்பு. சிவப்புத் தொட்டி ஓடும் வாரத்தில் ஒன்றுக்குப் போனாலும் சிவப்பு என்று ஆண்கள் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார்கள். சாயம் இறங்குது என்பார்கள். உள்ளே போனது வெளியே வருவது நல்லதுதானே என்பார்கள். மாஸ்டருக்கு ரெண்டு வருஷம் அப்படித்தான் இறங்கியது. அண்ணியும் அதையேதான் சொன்னாள். "நெறைய தண்ணி குடிங்க, சீக்கிரம் இறங்கட்டும்."

வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூத்திரப்பையில் கட்டி என்றார்கள். புற்று என்றார்கள். சுரண்டி எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா மேலோட்டமா இருந்திருக்கும். இப்ப சதைக்குள்ள இறங்கியிருச்சு. இன்னொரு ஆபரேஷன் வேணும்" என்று சொன்ன டாக்டரின் முகத்தை அண்ணியால் மறக்க முடியவில்லை. அந்த ரெண்டு வருஷத்தை யார் தின்றது?

இப்போது சிவப்புத் தொட்டி பூட்டிக் கிடக்கிறது. மாஸ்டர் குளியலறைக்கு வருவதில்லை. நிறம் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் பாட்டில்தான். அதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறவள் அண்ணி. காலையில்கூட வெளுத்த தேநீர் மாதிரி, தெளிவாகத்தான் இருந்தது. அப்படியானால் இது யாருடையது?

குனிந்து, இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் துண்டுத்துணியால் அதை ஒற்றி எடுத்தாள். பட்டறையிலிருந்து வரும் வெள்ளைத் துணித் துணுக்குகள் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் உதவும். ஒரு நிறத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் மாஸ்டர் செய்வதும் இதுதான்: வெள்ளையில் ஒற்று, காயவை, வெளிச்சத்தில் பார். அடுப்படி ஜன்னல் கம்பியில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள்.

பத்து மணிக்குப் பார்த்தாள். சிவப்பு மங்கியிருந்தது. மதியத்துக்குள் துருப்பிடித்த ஆணியைச் சுற்றி வைத்ததுபோல ஆகிவிட்டது.

சாயம் வெளுக்கும், கறுக்கும், ஓடும். பழுப்பாகாது.

கொல்லைப்புறக் கொடியைப் பார்த்தாள். பெரிய துண்டுக்குப் பின்னால் மறைவாகத் தராசின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. மாதாந்திரத் துணிகள், அண்ணி அவற்றை உற்றுப் பார்ப்பதில்லை. தராசு அவற்றைக் காலையிலேயே கசக்கிப் போட்டுவிடுவாள். சரி, அவளுடையதாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷமே தள்ளிவிட்டாள். தராசு ஒரு சொட்டைச் சிந்துகிறவளா? பவுடர் ரூமில் பத்து கிராம் கீழே விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவளுக்கு. குளியலறையை இப்படி விட்டுவிட்டு வருவது ஆம்பிளை வேலை. வீட்டில் நடமாடுகிற ஆம்பிளை ஒருவர்தான்.

அண்ணிக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் போதும், அதற்குக் கைகால் தானாக முளைக்கும்.

தராசு அடுப்படியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். துண்டுகள் எல்லாம் ஒரே அளவு.

"தராசு, உன் தம்பி போன வாரம் ரெண்டு நாள் காலையில சைக்கிள எடுத்துக்கிட்டு எங்க போனான்?"

"தெரியாது அண்ணி."

"பட்டறை பூட்டியிருக்கு. சிநேகிதன்னு ஒருத்தனும் இல்ல. சிகரெட் வாங்கப் போனான்னு சொல்லலாம்னா, சிகரெட்டயும் விட்டுட்டான். கவனிச்சியா நீ?"

"நல்லதுதானே."

"என்ன நல்லது? மீசை முளைக்கிறதுக்கு முன்னாடி பிடிச்ச சிகரெட்டு. நான் கெஞ்சியும் விடல, உங்க அண்ணன் அடிச்சும் விடல. இப்ப யாரும் கேக்காமலே விடுறான். ஒரு சொம்பு தண்ணிய நின்ன வாக்குல குடிக்கிறான். அண்ணன் படுத்திருக்கிற ரூம் பக்கம் தலைய நீட்டுறதில்ல. மனசுல ஏதோ இருக்கு."

தராசு கத்தியைத் துடைத்தாள்.

அண்ணி ஜன்னல் கம்பியிலிருந்து துணுக்கை அவிழ்த்து அவள் முன்னால் போட்டாள். "இது குளியலறையில இருந்தது. காலையில சிவப்பு. இப்ப பாரு."

தராசு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பூசணித் துண்டுகளைத் தண்ணீரில் போட்டாள்.

"அவனா இருக்காது அண்ணி."

"எப்படிச் சொல்ற?"

"சும்மாதான் சொன்னேன்."

"சும்மா சொல்லாத. உங்க அண்ணனும் இப்படித்தான் சும்மா சும்மான்னு ரெண்டு வருஷத்த ஓட்டினாரு."

தராசின் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

இதில் அண்ணிக்கு இன்னொரு முள்ளும் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒன்று. அங்கிருந்து ஒரு டாக்டர் பெண் வந்தாள், இருபத்தெட்டு முப்பது வயசிருக்கும். மாஸ்டரோடு கூடப் பிறந்தவர்கள், சாய வேலை செய்தவர்கள் எல்லாரும் வந்து மூத்திரமும் கொஞ்சம் ரத்தமும் கொடுக்க வேண்டும் என்றாள். மூத்திரம் சரி. ரத்தம் எதற்கு?

"ரத்தத்துல என்ன தேடுறீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

டாக்டர் பெண் பொறுமையாகவே சொன்னாள். சாயப் பவுடரில் சில பொருள் உடம்புக்குள் போகிறது. ஈரல் அதை உருமாற்றி வெளியே தள்ளப் பார்க்கிறது. சிலர் உடம்பு அந்த வேலையைச் சீக்கிரம் செய்யும், சிலர் உடம்பு மெதுவாகச் செய்யும். மெதுவானவர்களுக்கு அந்தப் பொருள் அரைகுறையாக மூத்திரப்பைக்கு வந்து அங்கே தேங்கி நிற்கும். யார் சீக்கிரம், யார் மெதுவு என்பது பெற்றவர்களிடமிருந்து வருகிறது.

பட்டறைக்குப் பின்னால் ஓடும் ரெண்டு சாக்கடைகள் அண்ணிக்கு ஞாபகம் வந்தன. ஒரே தண்ணீர்தான். ஒன்றில் சரிவு இருக்கிறது, சாயம் ஓடிவிடும். இன்னொன்றில் சரிவில்லை, அங்கேயே நின்று சிமென்ட்டை அரிக்கும். புரிந்தது. புரிந்தவுடன் கோபம் வந்தது.

"அப்போ தப்பு பவுடர் மேல இல்ல, எங்க ரத்தத்து மேலன்னு சொல்றீங்க."

"அப்படி இல்லம்மா. பவுடர் இல்லன்னா இந்த வித்தியாசத்தால அவருக்குப் பெருசா ஒன்னும் ஆகியிருக்காது. மெதுவா இருக்கிற எல்லாருக்கும் இந்த நோய் வர்றதும் இல்ல, சீக்கிரமா இருந்தா வராதுன்னும் இல்ல. வாய்ப்பு கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். கூடப் பிறந்தவங்க யார் யார் இருக்காங்க?"

"ஒரு தம்பி. இவருக்கு எதிர்ப்பக்கம் அதே தொட்டியில நிக்கிறவன். ஒரு தங்கச்சி, அவ தொட்டிப் பக்கமே வரமாட்டா. உள்ள உக்காந்து எடை போடுறவ."

டாக்டர் பெண் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எதை எடை போடுறாங்க?"

அந்த நேரம் பார்த்து வார்டு வாசலில் பட்டறை மேனேஜர் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு நின்றுகொண்டிருந்தார். டாக்டர் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு மேனேஜர் அண்ணியைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போய், குரலைத் தாழ்த்தி, "வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்காம்மா? குடும்பத்துல ஓடுற வியாதியா?" என்று கேட்டார்.

போதும். அண்ணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தாள். ஆஸ்பத்திரிச் செலவைப் பட்டறை ஏற்றிருந்தது. குடும்ப வியாதி என்று ஒரு சொல் எழுதி வாங்கிவிட்டால் மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். அதற்குத்தான் பழம், அதற்குத்தான் சிரிப்பு, அதற்குத்தான் ரத்தம்.

வீட்டுக்கு வந்த அன்றே கொழுந்தனையும் நாத்தனாரையும் உட்கார வைத்துச் சொன்னாள். "எவரும் ரத்தம் குடுக்கப் போகக் கூடாது. நம்ம வீட்டுல ரெண்டாவது ஆளுக்கு இருக்குன்னு வெளியில தெரிஞ்சா அவ்வளவுதான், பரம்பரைன்னு சொல்லிக் கைகழுவிடுவானுங்க. வாயத் தொறக்காதீங்க. புரியுதா?"

சின்னவர் கூரையைப் பார்த்தார். தராசு, "சரி அண்ணி" என்றாள்.

இப்போது அதே அண்ணிதான் குளியலறையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். சின்னவர் போய்விட்டு வந்ததும் உள்ளே நுழைவாள். தரையைப் பார்ப்பாள், சல்லடையைப் பார்ப்பாள், குனிந்து மோந்தும் பார்ப்பாள். அவர் ஏகப்பட்ட தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். அதுவும் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு வருஷம் ஒரு குவளை ஊற்றாதவர் இன்றைக்கு ஒரு வாளி ஊற்றுகிறார் என்றால் என்ன அர்த்தம்?

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிவு கட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூடி போட்ட டப்பாக்களில் ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றாள். சின்னவர் தோளில் துண்டோடு வந்தார்.

"வழி விடுங்க அண்ணி."

"இந்தா. இதுல போயிட்டு என் கையில குடு."

"என்னது?"

"பாத்தாத் தெரியல? டப்பா."

"அண்ணி, உங்களுக்கு வெக்கமா இல்லையா? ஒரு வயசு வந்த ஆம்பிளகிட்ட..."

"வயசு வந்து இருபத்தஞ்சு வருஷமாச்சு. நீ ஜொரத்துல படுத்தப்ப உன் வேட்டிய மாத்தினவ நான். பிடி."

"மாட்டேன்."

"ஏன் மாட்டே?"

"ஏன்னா இது வீடா, சுங்கச் சாவடியா? போறதுக்கு வர்றதுக்கெல்லாம் சோதனை போடுறீங்க. நான் அடுத்த வீட்டுக்குப் போய்க்கிறேன்."

"போ. அங்கயும் வந்து நிப்பேன்."

உள் அறையிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. மெலிந்துபோன குரல், ஆனாலும் அதில் சிரிப்பு இருந்தது. "டேய், குடுத்துத் தொலைடா. எனக்கு தினமும் நடக்கிறது இது. என் பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சி, கலர் சரியில்லன்னா மறுபடி ஓட்டுங்கன்னு சொல்றா."

சின்னவர் டப்பாவை வாங்கவில்லை. அடுப்படிக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். அண்ணியும் அங்கேயே எதிரில் உட்கார்ந்தாள். கொல்லைப்பக்கக் கதவு திறந்திருந்தது. வெளியே தராசு கல்லில் துணி கும்மும் சத்தம். காற்றே இல்லை. கஞ்சிப் பானையிலிருந்து ஆவி நேராக மேலே போயிற்று.

அண்ணி பழுப்புத் துணுக்கை எடுத்து அவர் முழங்காலில் வைத்தாள். "இது என்ன?"

"துணி."

"விளையாடாத. குளியலறையில ஒத்தி எடுத்தது. சாயம் இல்ல. ரத்தம். உங்க அண்ணனோடது இல்ல, என்னோடது இல்ல. தம்பி, உனக்கு எத்தனை நாளா போகுது?"

"எனக்குப் போகல."

"சத்தியமா?"

"போகலன்னா போகல."

"அப்போ சைக்கிள்ல எங்க போனே? சிகரெட்ட ஏன் விட்டே? அண்ணன் மூஞ்சியில ஏன் முழிக்க மாட்டேங்கிறே? ஒரே தொட்டி. இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் நீ. ஒரே ஆவி, ஒரே தண்ணி, ஒரே பானைச் சோறு. அவரு ஒரு சிகரெட் பிடிச்சதில்ல, நீ புகைபோக்கி. அவருக்கு வந்து உனக்கு வராம இருக்குமா? என் காதுல பூ சுத்தாத. மறைக்கிறே நீ. மறைச்சா என்ன ஆகும்னு உள்ள ஒருத்தர் படுத்திருக்காரு பாரு."

சின்னவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. தோள் குலுங்கியபோது தெரிந்தது.

அண்ணி அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். சந்தேகப்பட்டது நிஜமாகும்போது சந்தோஷம் எங்கே வருகிறது? "அழாதடா. சொல்லு. நேரத்தோட போனா மேலோட்டமா சுரண்டி எடுத்துடுவாங்களாம். நான் கூட வரேன். மேனேஜர் என்ன வேணா எழுதிக்கட்டும். ரத்தம் குடுக்கக் கூடாதுன்னு சொன்னது நான்தான், நானே கூட்டிட்டுப் போறேன்."

"நான் போயிட்டேன் அண்ணி."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. சைக்கிள்ல. முதல் நாள் மூத்திரம் குடுத்தேன், மூத்திரப்பைக்குள்ள குழாய் விட்டுப் பாத்தாங்க. ரத்தம் நீங்க வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன், அண்ணன் ஆபரேஷனுக்குள்ள இருந்தப்பவே. மறுநாள் அந்த டாக்டரம்மா எல்லாத்தையும் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

சின்னவர் துண்டை எடுத்தார். "ஒன்னும் இல்லயாம்."

"என்ன ஒன்னும் இல்ல?"

"எனக்கு ஒன்னும் இல்ல அண்ணி. சுத்தமா இருக்காம். அப்பாகிட்டேருந்து ஒரு பங்கு, அம்மாகிட்டேருந்து ஒரு பங்கு வருமாம் ஒவ்வொருத்தருக்கும். அண்ணனுக்கு ரெண்டும் மெதுவான பங்கா வந்திருக்கு. எனக்கு ஒன்னு சீக்கிரமானது விழுந்திருக்கு. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், அதுதான்னு அடிச்சிச் சொல்ல முடியாதுன்னாங்க. இத நம்பி சிகரெட் குடிச்சீங்கன்னா உங்களுக்கும் வரும், அது தனிக் கணக்குன்னு திட்டினாங்க. அதான் விட்டேன்."

"ஏன்டா, இத சொல்றதுக்கு என்ன? நல்ல சேதிதானே?"

"யாருக்கு நல்ல சேதி? அவரு எனக்கு வேலை கத்துக்குடுத்து அந்தத் தொட்டியில நிக்க வச்சவரு. கொதிக்கிற பக்கம் அவரு நிப்பாரு, ஆறின பக்கம் என்ன நிக்கச் சொல்வாரு. இப்ப நான் போய் அவரு கட்டில் பக்கத்துல நின்னு, 'அண்ணே, எனக்கு ஒன்னும் இல்ல'ன்னு சொல்லணுமா? அதே அப்பன், அதே ஆத்தா. அவருக்கு விழ வேண்டியது எனக்கு விழுந்துச்சுன்னு சொல்லணுமா?"

அண்ணிக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால் திருடனைப் பிடிப்பதுபோல் வழிமறித்து நின்றது நினைவுக்கு வந்து, கையிலிருந்த டப்பாவை மெதுவாகப் பின்னால் மறைத்தாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"டேய்."

"அண்ணே."

"இங்க வா."

சின்னவர் எழுந்து போனார். அண்ணி அடுப்படியிலேயே இருந்து கேட்டாள்.

"உனக்கு ஒன்னும் இல்லயா?"

"இல்லண்ணே."

"நல்லா கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேண்ணே."

"மடையா. இதையா ஒளிச்சு வச்சே? ஒரு வாரமா நான் பயந்து சாகுறேன், உனக்கும் இருக்கும், என்ன பாத்து பயந்துபோய் சொல்ல மாட்டேங்கிறேன்னு. போ, போய்ச் சாப்பிடு. அண்ணிய முட்டை போடச் சொல்லு, ரெண்டு. ஒன்னு எனக்கு."

சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அண்ணிக்கும் உதடு விரிந்தது. எழுந்து முட்டைக் கூடையை எடுத்தாள். ஒன்றை எடுத்து விளிம்பில் தட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சின்னவர் முழங்காலிலிருந்து விழுந்த துணுக்கு தரையில் கிடந்தது. பழுப்பாக.

மாஸ்டருடையது இல்லை. அவளுடையது இல்லை. சின்னவருடையதும் இல்லை.

துணி கும்மும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. முட்டையைக் கூடையில் திரும்ப வைத்தாள். எதை எடை போடுறாங்க என்று அந்த டாக்டர் பெண் நிமிர்ந்து கேட்டது காதில் கேட்டது. தொட்டியில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீரில் கரைந்த சாயம். தராசுக்கு மூடிய அறையில் காய்ந்த பவுடர், டின்னைத் திறக்கும்போதெல்லாம் எழும்பி மூக்கைச் சுற்றி முகத்துணியைத் தாண்டி உட்காருகிற பவுடர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் கண்ணிமை ரோமத்தில்கூட அன்றைய நிறம் இருக்கும். அதைப் பார்த்து எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார்கள்.

அண்ணி கொல்லைக்கு வந்தாள். வெயில் கொடியின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. தராசு துணி கும்மிய கல்லின் பக்கத்தில் நின்றிருந்தாள். கொடியிலிருந்து காய்ந்ததை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள், ஓரத்துக்கு ஓரம் சரியாக.

"கேட்டுச்சா உள்ள நடந்தது?"

"கேட்டுச்சு. நான்தான் சொன்னேனே, அவனா இருக்காதுன்னு."

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

தராசு பெரிய துண்டை மடித்து முடித்தாள். அதற்குப் பின்னால் மறைந்திருந்த சின்னத் துணிகள் இப்போது வெயிலில் தனியாகத் தெரிந்தன. நான்கு. பிழிந்து பிழிந்து வெளுத்தாலும் நடுவில் பழுப்பு வட்டம் போகாத துணிகள்.

போன வாரமும் இவை இங்கே இருந்தன. அதற்கு முந்தின வாரமும். அண்ணி பார்த்திருந்தாள். தினமும் இந்தக் கொடியடியில் நடப்பவள். ஒரு வீட்டையே துருவித் துருவிப் பார்த்தவள், இதைப் பார்த்தும் மரியாதைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டு போயிருந்தாள்.

"நாளைக்கு உன்னயும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "சும்மா ஒரு தடவை பாத்துக்கலாம். உனக்கு ஒன்னும் இருக்காது. இது மாசாமாசம் வர்றதுதானே. பொம்பளைக்கு இருக்கிறதுதானே, தராசு? சொல்லேன்."

தராசு நான்கு துணிகளையும் ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து எடுத்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள், எடை பார்ப்பதுபோல.

"ரெண்டாவது ஆளுன்னு தெரிஞ்சா அண்ணனக் கைகழுவிடுவாங்கன்னு சொன்னீங்கல்ல. அண்ணனுக்கு ஆபரேஷன் பாக்கி இருக்கு. அது முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இன்னைக்குக் காலையில நிக்க முடியல, அதான் தரையச் சரியாக் கழுவாம வந்துட்டேன்."

"தராசு, என்னடி சொல்ற?"

"எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு அண்ணி. இது ஒன்னுக்குல வர்ற ரத்தம்."